காந்தம் எடுக்காத ஆணி

மரியே வாழ்க

அந்தோணியார்புரம்,
கல்லல் வழி.
5.8.1994

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, பூரணி எழுதுவது.

மாமா, பெனிட்டா, நான் மூவரும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க அந்தோணியாரைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் நலம் விசாரித்துத் தாளை வீணாக்க மாட்டேன். இந்த ஏர்மெயில் தாள் கையகலம்தான் இருக்கிறது. என் வயிற்றெரிச்சலோ வண்டி கொள்ளாது.

டிராக்டர் மறுபடியும் பஞ்சர். முன்பக்கச் சின்ன டயர்தான். ஷார்ஜாவில் ஊரார் லாரிக்கெல்லாம் ஒட்டுப் போடுகிற கை, சொந்த டிராக்டருக்கு ஒட்டுப் போட இங்கே இல்லை. நீங்களும் மெய்யநாதன் அண்ணனும் அங்கே ஒரே அறையில் கட்டிலுக்குக் கட்டில் பேசி முடித்துக்கொண்டீர்கள், அவர் நேமத்தான்பட்டி வீட்டு நிலம் நம் கைக்கு வந்துவிட்டது. கண்மாய்க்கு மேலே கல்லும் கருவேலுமாகக் கிடந்த அந்த மேட்டுப் புஞ்சையில் நாளெல்லாம் நின்று சாகிறவள் நான் அல்லவா? டிரைவர் கருத்தையா டயரோடு கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கல்லலுக்கு நடப்பதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட விடவில்லை. கருவேலை அரிவாளால் சாய்த்து வெட்டினால் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நின்று டயரைக் குத்தும் என்று எழுதினீர்கள். கடப்பாரை போட்டு வேரோடு எடுக்க வைத்தேன். முள்ளை வாரிக் கொளுத்தியாயிற்று. காற்றுக் குறைந்தால் டியூப் உள்ளுக்குள் நழுவி வால்வு பிய்ந்துவிடும் என்றீர்கள். தினமும் காலையில் நானே நின்று காற்றுப் பார்க்க வைக்கிறேன். பழைய லாரி டியூபை நெடுக வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே மெத்தை மாதிரி வைத்தும் ஆயிற்று. அவ்வளவுக்குப் பிறகும் காற்று இறங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்தத் தடவை குத்தியது முள் இல்லை. பஞ்சர் கடைக்காரர் உள்ளே கையை விட்டுத் துழாவி ஓர் ஆணியை எடுத்துக் கொடுத்தார். கடையில் விற்கிற ஆணி இல்லை அது. கொல்லன் உலையில் அடித்த பட்டை ஆணி, தீயில் வெந்து நீலம் பாரித்திருந்தது. இலுப்பைத் தூரை எரித்தோமே, அதற்குள் இருந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தூர் கதையை முழுதாகச் சொல்லவில்லை அல்லவா? மர அறுவைக்காரர்கள் மேல்மரத்தை எடுத்துக்கொண்டு, அடிமரத்தை இடுப்பு உயரத்துக்கு அப்படியே விட்டுப் போனார்கள். ரம்பம் ஏறாது என்பதுதான் ஒரே பேச்சு. தூரில் குழி போட்டு எருமுட்டையும் உமியும் திணித்து மூட்டம் போடு, எரிந்த சாம்பலைப் புஞ்சை பூராவும் இறைத்துவிடு, புது நிலத்துக்கு நல்ல உரம் என்று நீங்கள் எழுதினீர்கள். அப்படியே செய்தோம். ஒரு வாரத்துக்கு மேலாகக் கனன்றது. அந்தப் புகை மேலே எழும்பவே இல்லை அத்தான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தரையோடு தவழ்ந்து கண்மாய்க் கரையைப் பார்த்தே போனது. பச்சைத் தூர் அப்படித்தான் புகையும் என்றான் கருத்தையா. இருக்கும்.

மாமாவுக்குத்தான் இதில் மனசே இல்லை. "ஏத்தா, அது ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகுது, விடேன்" என்று என் பின்னாலேயே வந்தார். ஏன் மாமா என்று கேட்டால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடையைக் கட்டிவிடுகிறார். இத்தனை வருஷம் உபதேசியாராக இருந்து ஊருக்கே வேதம் சொல்லிக்கொடுத்த மனிதர், மருமகளுக்கு ஒரு காரணம் சொல்லக் கூடாதா?

நீங்கள் மட்டும் என்னவாம்? லீவில் வந்து நிலம் பார்க்கப் போன அன்று அந்த மரத்தைச் சுற்றி வளைத்துத்தானே நடந்தீர்கள். நிழலில் கொஞ்சம் உட்காருவோம் என்று நான் கெஞ்சினேன். நீங்கள் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வாங்கியதும் முதல் வேலையாக இந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்றீர்கள். மரம் உங்களை என்ன செய்தது என்று கேட்டதற்குத் தெரியவில்லை, பிடிக்கவில்லை என்றீர்கள். அப்பாவும் மகனும் ஒரே அச்சு.

ஐப்பசி மழைக்கு முன்னால் உழுது விதைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. ஆணிக்கு என்ன வழி என்று எழுதுங்கள். பெனிட்டா முன்பல் விழுந்துவிட்டது, அப்பாவிடம் சொல் என்றாள்.

தங்கள் அன்பு மனைவி,
பூரணி


மரியே வாழ்க

9.9.1994

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நேற்று மாதா பிறந்தநாள் பூசை. உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். லீவில் வந்த இளையாத்தங்குடிக்காரர் போன வாரமே வீடு தேடி வந்து நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தார். சேலையோ சென்டோ என்று ஓடிப்போய்ப் பிரித்தால் காந்தம்! பெரிய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் அத்தனையும். கட்டின பெண்டாட்டிக்குக் கடல் தாண்டிக் காந்தம் அனுப்பிய மனிதர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

சரி, கிண்டல் போதும், நல்ல யோசனைதான். நீங்கள் படம் போட்டுக் காட்டியபடி பலகையில் வரிசையாகப் பதித்து, டிராக்டருக்கு முன்னால் சங்கிலி போட்டுத் தரையை ஒட்டித் தொங்கவிட்டோம். முதல் நாள் ஒரே ஒரு சால் போய்த் திரும்புவதற்குள் பலகை முழுக்க ஆணி, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. எத்தனை விதம் என்கிறீர்கள்! செட்டிமார் வீட்டு நிலையில் இருக்குமே பூப்போட்ட கொண்டை ஆணி, அது. ஓலைக்குடிசைக் கதவில் அடிக்கிற கம்பி ஆணி. மாட்டு லாட ஆணி. ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒரே மரத்தில் ஊரில் உள்ள வீட்டு ஆணியெல்லாம் எப்படி வந்தது என்று நானே ஆச்சரியப்பட்டேன்.

கருத்தையா பலகையைப் பார்த்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயில் முன்னால் நிற்கிறவன் போல் நின்றான். "எரிச்சுப்புட்டீகளேக்கா" என்றான். அவன் குரலே அவனுடையதாக இல்லை. பிறகு சொன்னான்:

"இது கோடாங்கி மரத்து ஆணிக்கா. எங்கய்யா சொல்லிருக்காரு, எந்த மரமுன்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சு. அந்தக் காலத்துல ஏதாச்சும் புடிச்சவுகள இங்குட்டுத்தான் கூட்டியாருவாக. அவுகவுக வீட்டு நிலைக்கதவுல இருந்து ஒரு ஆணியப் புடுங்கிட்டு வரச் சொல்லுவாராம் கோடாங்கி. உச்சந்தலை முடிய அதுல சுத்தி மரத்துல அறைஞ்சுட்டா, புடிச்சது மரத்தோட நின்னுரும். வீட்டு வாசல் அதுக்கு அடைச்சுப்போகும். அந்த ஆளு அதுக்கப்புறம் மரத்துப் பக்கம் திரும்பவே கூடாது. நீங்க என்னன்னா மரத்த எரிச்சு, சாம்பலப் புஞ்சை பூரா எறைச்சு, மேல உழவும் சொல்றீக."

நாம் வேதக்காரர்கள், இதெல்லாம் நமக்கு ஒட்டாது, வண்டியில் ஏறு என்று சத்தம் போட்டேன். ஏறினான். ஆனால் உச்சிவேளையில் மட்டும் அந்தப் புஞ்சையில் நிற்க மாட்டேன் என்றுவிட்டான். நானும் உச்சிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பதை உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ரோட்டோரம் கிழங்கு விற்கும் சோணையம்மாளைத் தெரியுமே உங்களுக்கு. நாம் சாம்பல் இறைத்த அன்றிலிருந்து அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. சூரியன் உச்சிக்கு வந்ததும் விளக்குமாறோடு கிளம்பிவிடுகிறாள். பின்பக்கமாகவே நடந்து, யாரோ வந்த காலடித் தடத்தை அழிக்கிறவள் போல ரோட்டைக் கூட்டிக்கொண்டே போகிறாள். கூப்பிட்டால் காது கேட்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு இது இருந்ததாம். அவள் அப்பா லாடம் அடிக்கிறவராம். கருத்தையா லாட ஆணியை எடுத்துக் காட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் கடைசியில் வேடிக்கை போல ஒன்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு வேடிக்கையாக இல்லை. மத்தியானம் கடையில் கண்ணயர்ந்தால் எழுந்து நடக்கிறீர்களாமே? கண் திறந்திருக்கிறதாம், ஆனால் நினைவில்லையாம். துறைமுகப் பக்கம் போய் நின்றீர்களாம், மெய்யநாதன் அண்ணன் வந்து தோளைப் பிடித்துத் திருப்பினாராம். இதை எழுதிவிட்டுச் சிரிப்பு வேறு. அந்த ஊர் வெயில் மூளையைக் காய்ச்சிவிடும் அத்தான். மோர் குடியுங்கள், தலைக்கு நல்லெண்ணெய் வையுங்கள். முதல் தடவை நடந்தது என்று நீங்கள் போட்டிருக்கும் தேதியைப் பார்த்தேன். தூர் கனன்று கொண்டிருந்த வாரம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. சும்மா எழுதினேன்.

தங்கள்,
பூரணி


மரியே வாழ்க

2.10.1994

அத்தான்,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மெய்யநாதன் அண்ணன் கையில் கொடுங்கள். நீங்கள் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார்.

போன வாரம் உழவு கண்மாய்க் கரை மூலைக்கு வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்த்தோம், கலப்பையில் ஒரு போல்ட் கழன்று நேரமாகிவிட்டது. உச்சிவேளை. காக்கா குருவிச் சத்தம்கூட இல்லை. முன்னால் காந்தப் பலகை தரையைத் தடவிக்கொண்டே போகிறது, அதற்குப் பின்னால் வந்த டயர் உஸ்ஸென்று இறங்குகிறது. காந்தம் தாண்டி ஆணி எப்படித் தப்பியது என்று குனிந்து பார்த்தோம். கருத்தையா இடுக்கி போட்டு இழுத்தான்.

எட்டு மூலை நட்சத்திரம் போலக் கொண்டை வைத்த ஆணி. அதில் முடி சுற்றியிருந்தது. பொசுங்காத முடி அத்தான். மெல்லிசான, லேசாகச் செம்பட்டை பாய்ந்த, சின்னப் பிள்ளை முடி. ஒரு வாரம் கனன்ற நெருப்பில் அது மட்டும் எப்படித் தப்பியது என்று என்னைக் கேட்காதீர்கள். காந்தப் பக்கத்தில் கொண்டு போனேன். மற்ற ஆணியெல்லாம் துள்ளிக்கொண்டு ஒட்டுகிறது, இது கையில் கல் மாதிரி கிடக்கிறது. மேலேயே வைத்துப் பார்த்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. கருத்தையா அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன் மூன்றாம் நாள்தான் வந்தான். அதுவும் சம்பளத்துக்காக இல்லை, என்னைத் தனியாக விட மனசில்லாமல்.

அந்தக் கொண்டையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. நம் நிலைக்கதவில் அடித்திருப்பது அத்தனையும் எட்டு மூலை நட்சத்திரம். உங்கள் தாத்தா சொல்லிச் செய்த ஆணிகள் என்று நீங்களே பெருமையடித்திருக்கிறீர்கள். நிலையின் உச்சியில் ஒன்று மட்டும் இல்லாமல் வெறும் துளை இருக்கும், வருஷா வருஷம் குருத்தோலைச் சிலுவையை அதில்தான் செருகுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் துளையைச் சிலுவைக்காகப் போட்டது என்றே நினைத்திருந்தேன். முக்காலி போட்டு ஏறி, ஓலையை எடுத்துவிட்டு ஆணியை வைத்துப் பார்த்தேன். உறையில் கத்தி போவது போல உள்ளே போனது.

மாமா திரும்பிப் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு ஞாபகம் இல்லாததை, அன்று மாமா வாயால் கேட்டபடி நான் சொல்கிறேன். பெனிட்டா வயதுதான் உங்களுக்கு அப்போது. ஒரு கோடையில் மத்தியானத் தூக்கத்தில் எழுந்து நேராகக் கண்மாய்க்கு நடப்பீர்களாம். கண் திறந்திருக்குமாம். "அங்குட்டு ஒருத்தரு நிக்கிறாரு, வரச் சொல்றாரு" என்பீர்களாம். யாரென்று கேட்டால் முகம் இல்லை என்பீர்களாம். சாமியார் மந்திரித்தார், தீர்த்தம் தெளித்தார். நிற்கவில்லை. கடைசித் தடவை உங்கள் அம்மா தலைமுடியைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டபோது உங்களுக்கு மூச்சே இல்லையாம். அன்றைக்கே நிலையில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கோடாங்கியிடம் ஓடியிருக்கிறார்கள். அதோடு நின்றதாம்.

உபதேசியார் வீட்டில் கோடாங்கியிடம் போனார்கள் என்று தெரிந்தால் கோயிலில் தலைகாட்ட முடியுமா? அதனால் உங்களிடமே சொல்லவில்லை. உங்கள் அம்மா சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள். மாமா இத்தனை வருஷம் வாயைத் திறக்கவே இல்லை. அவர் சொல்லியிருந்தால் நீங்கள் அந்த நிலத்தை வாங்கியிருப்பீர்களா, எரிக்கச் சொல்லி எழுதியிருப்பீர்களா, நான்தான் எரித்திருப்பேனா? "வாய் வரைக்கும் வந்துச்சுத்தா, சாமியாரு காதுக்குப் போயிருமேன்னு முழுங்கிட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்த வயதில் அழுகிறவரை என்ன சொல்வது? சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். மெய்யநாதன் அண்ணன்தான் பேசினார். நீங்கள் இடுப்பளவுக் கடல் தண்ணீரில் நின்றதையும், வர்றேன் வர்றேன் என்று சொல்லிக்கொண்டே போனதையும் சொன்னார். "தங்கச்சி, பயப்படாதீக, நாங்க பாத்துக்கிறோம்" என்றார், அவர் குரல்தான் பயந்திருந்தது. இதை நீங்கள் எழுதவே இல்லை. மறைப்பது உங்கள் குடும்பத்துக்கே உள்ள வியாதி.

ஆணியை நிலையிலேயே அடித்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் வாசலில் கீழே கிடந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி கிடந்தது. வேறு மரத்தில் அடிக்கலாம் என்றால் கட்டிப்போடத் தெரிந்த கோடாங்கி செத்து எவ்வளவோ காலமாகிறது. சாமியாரிடம் போவோம் என்றேன், மாமா நானே வருகிறேன் என்று கூடவே வந்து எல்லாவற்றையும் சொன்னார். இப்போதுள்ள சாமியார் சின்ன வயது, நல்லவர். ஜெபம் செய்தார், உங்கள் மகனை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அதையும் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

சோணையம்மாளுக்கு இப்போது சுகமாகிவிட்டது. அவள் மகள் அந்த லாட ஆணியை என்னிடம் கேட்டு வாங்கிப் போய் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். அன்றோடு தாய் கூட்டுவதை விட்டுவிட்டாள், பழையபடி கிழங்கு விற்கிறாள். இப்போது மத்தியானத்தில் விளக்குமாறோடு போவது மகள். நேற்று நான் பார்த்தேன். முகத்தில் ஒரு கவலையும் இல்லை, பின்பக்கமாகவே நடந்து போகிறாள்.

உங்கள் காலைக் கட்டிலோடு கட்டிப்போடச் சொல்லி மெய்யநாதன் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். மத்தியானத்தில் கண்ணை மூடாதீர்கள். தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். யார் வரச் சொன்னாலும், என் குரலிலேயே கூப்பிட்டாலும் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த நிலமும் வேண்டாம், டிராக்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஆணி இங்கே மேசை மேல் என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் தாலிச் சரட்டில் எப்போதும் போல இரண்டு ஊக்குத் தொங்குகிறது. இன்னும் ஒன்று தொங்க இடம் இருக்கிறது.

உங்கள்,
பூரணி


மரியே வாழ்க

27.11.1994

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கால்கட்டு இல்லாமலே தூங்குகிறேன், அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு ஒருநாள்கூட எழுந்து நடக்கவில்லை, மெய்யநாதன் அண்ணன் காவல் இருந்து சலித்துப்போய் இப்போது குறட்டை விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரைதான் வேலை செய்தது என்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். விடாமல் சாப்பிடுங்கள்.

மழை நன்றாகப் பெய்தது. புஞ்சை முழுக்க முளைத்துப் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. மெய்யநாதன் அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் வீட்டு மூத்தவர்கள் பார்க்காத பச்சை. டயர் இப்போது ஒரு தொந்தரவும் தருவதில்லை. காந்தப் பலகையில் வந்த மற்ற ஆணிகளையெல்லாம் டின்னில் போட்டு, தூர் இருந்த இடத்தில் ஆழமாகக் குழி வெட்டி, சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டோம். அவை பெரும்பாலும் செத்துப்போனவர்களுடைய ஆணிகள், கேட்டு வருவதற்கு ஆள் இல்லை. அந்த இடத்தை மட்டும் உழாமல் சுற்றி வரச் சொல்லியிருக்கிறேன். கருத்தையா தானாகவே சுற்றித்தான் வருகிறான். டயரில் இப்போது காற்றுப் பார்ப்பதும் அவனே. எனக்குக் காலையில் எழுந்திருக்கவே முடிவதில்லை, அவ்வளவு அசதி.

கண்மாய் நிரம்பித் தளும்புகிறது. இவ்வளவு தண்ணீரை நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. நடுவில் வானம் அப்படியே தெரிகிறது. சேலை துவைக்கத்தான் அங்கே போகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஈரமண் குளுகுளு என்று இருக்கிறது. மாமா தொந்தரவுதான் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார். பாவம், வயதானவர். சில நாள் அவரும் கண்ணயர்ந்துவிடுகிறார்.

பெனிட்டா இப்போது தனியாகப் படுக்கிறாள். என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு தூங்குவாளே, அதை நிறுத்திவிட்டேன். ரெண்டு நாள் அழுதாள். கழுத்தில் கிடப்பது அவள் கையில் பட்டுவிடக் கூடாது. அம்மா ஏன் என்னைத் தொடவிட மாட்டேன் என்கிறாள் என்று உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போகிறாளாம். அவள் கேட்டால் நீங்கள் ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் செய்து தாருங்கள். என் சரட்டில் இருப்பதை யாரும் கழற்றக் கூடாது. நீங்களும் கூடாது. உங்கள் மேல் இருக்கும் பிரியத்தில் நான் இதைக் கட்டிக்கொண்டேன், அந்தப் பிரியத்தில் நீங்கள் அதை அவிழ்த்துவிடக் கூடாது. நான் போகிற நாள் என்றைக்கு வந்தாலும் அதோடேயே என்னைப் புதைக்கச் சொல்லி மாமாவிடமும் கருத்தையாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் டிராக்டர் ஓடாது.

பயந்து லீவு போட்டு ஓடிவராதீர்கள். கடை முதலாளி தரும்போது வாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வரும்போது காலை ரயிலில் வாருங்கள். மத்தியானத்தில் வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொருவரும் கூப்பிடுகிறார். எது உங்கள் குரல் என்று எனக்குக் குழம்பிவிடும்.

நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும் அத்தான். நீண்ட ஆயுசோடு, தண்ணீரைக் கண்டு பயமில்லாமல், நம் பிள்ளைக்கு அப்பாவாக இருக்க வேண்டும். மாதா உங்களைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். அவளிடம் நான் உங்களுக்காக மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

என்றும் உங்கள்,
ஞானபூரணி